முதுமைத் தளர்ச்சி: அறிதலும் பேணுதலும்

தோற்றுவாய்

மக்கள் யாக்கை பிறந்து, வளர்ந்து, முதிர்ந்து, மாயும் இயல்பினது. இவற்றுள் முதிர்ச்சி இயற்கையின் செயல். அதனை விலக்குவார் யாரும் இலர். ஆயினும் முதிர்ச்சி வேறு, தளர்ச்சி வேறு என்பதை நம்மிற் பலர் இன்னும் உணர்ந்தாரல்லர். எண்பது வயதினராயினும் விடியலில் வயலுக்குச் சென்று மடை திறந்து வருவாரும் உளர். அறுபத்தைந்து நிரம்புமுன்னரே திண்ணையினின்று எழுதற்குப் பிறர் கையை நாடுவாரும் உளர். வயதொன்றே காரணமாயின் முன்னவரன்றோ முதலில் தளர்தல் வேண்டும்? அங்ஙனம் நிகழாமையின், தளர்ச்சிக்கு வயதின் வேறாய காரணங்களும் உள என்பது தானே போதரும். காரணம் உளதேல் அதனை அறிதலும் கூடும். அறிந்தால் ஒருவாறு தடுத்தலும் கூடும். இதனையே ஈண்டு ஆராயப் புகுகின்றாம்.

நம் கல்லூரி மாணவருட் பலர் விடுமுறைதோறும் தம் பாட்டன் பாட்டியர் வாழும் ஊர்களுக்குச் செல்பவர். பழைய மாணவருட் பலர் முதிய பெற்றோரைப் பேணுபவர். சிலர் தாமே முதியோர். ஆகலின் இவ்வாராய்ச்சி ஏட்டளவில் நில்லாது வீட்டளவிலும் பயன்படும் என்பது எம் நம்பிக்கை.

ஓரூரும் ஒரு மலையும்

பொதுவாகக் கூறுவதினும் ஓரூரை முன்வைத்துக் கூறுவது விளக்கந் தரும். திருவள்ளூர் மாவட்டத்தில், சென்னையிலிருந்து திருப்பதி செல்லும் பெருவழியில், திருத்தணிக்கு இப்பால் உள்ளது கனகம்மாசத்திரம். வழிச்செல்வோர் தங்கி இளைப்பாறும் சத்திரத்தின் பெயரே ஊரின் பெயராய் நின்றது. அண்மையில் ஆந்திர எல்லை. ஆகலின் ஒரே தெருவில் ஒரு வீட்டார் பாட்டி என்றும் மறு வீட்டார் அவ்வா என்றும் விளிப்பதைக் கேட்கலாம். இத்திருத்தணி வட்டாரம் 1960-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாளில் ஆந்திரத்தினின்று பிரிந்து அந்நாளைய சென்னை இராச்சியத்தொடு சேர்ந்தது. அவ்விணைப்பை இளமையிற் கண்டோர் இன்று முதியோராய் வாழ்கின்றனர்.

இவ்வட்டாரத்து முதியோர் உழைப்பை அறியாதவரல்லர். நெல்லும் கரும்பும் வேர்க்கடலையும் விளைத்தவர் ஒருசாரார். தறியில் இருந்து நெய்தவர் மற்றொரு சாரார். இவர்தம் மக்களோ திருப்பெரும்புதூர், ஒரகடம் முதலிய இடங்களிலுள்ள தொழிற்சாலைகளுக்கும் சென்னை நகருக்கும் செல்கின்றனர். வீட்டில் எஞ்சுவோர் முதியோர். இவர்க்கு அரிசி உண்டு, தொலைக்காட்சி உண்டு, திங்கள்தோறும் மகன் அனுப்பும் பணமும் உண்டு. ஆயினும் முன்போல் உடலுழைப்பு இல்லை. உடனமர்ந்து உண்பாரும் இல்லை. தளர்ச்சி நுழையும் வாயில் இதுவே.

திருத்தணி மலைக்கோயிலுக்கு 365 படிகள் உள. ஆண்டின் நாட்களுக்கு ஈடாக இவ்வெண் அமைந்தது என்பர். வண்டிகள் செல்லத்தக்க சாலையும் மலைமேல் உண்டு. ஆடிக் கிருத்திகைக்கு ஆண்டுதோறும் செல்லும் குடும்பங்கள் பல. இத்தகைய குடும்பத்தார் தாம் அறியாமலே ஓர் அளவுகோலைக் கையிற் கொண்டுள்ளனர். மூன்றாண்டுகட்கு முன் நில்லாது ஏறிய பெரியவர் சென்ற ஆண்டு ஐந்திடத்தில் உட்கார்ந்து ஏறினார். இவ்வாண்டு, “படி வேண்டா, வண்டியிற் போவோம்” என்கிறார். வீட்டார் இதனை, “வயதாகிவிட்டது” என்னும் ஒரு சொல்லால் முடித்துவிடுகின்றனர். ஆராய்ச்சி தொடங்கவேண்டிய இடத்திலேயே அச்சொல் அதனை நிறுத்திவிடுகின்றது. ஓராண்டில் இவ்வளவு குறைந்தது ஏன் என்று வினாவுவதே முதற் கடமை.

தளர்ச்சியின் இலக்கணம்

முதுமைத் தளர்ச்சியாவது யாது? உடலின் பல உறுப்புகளிலும் சேமித்து வைத்த ஆற்றல் ஒருங்கே குறைந்து, சிறியதோர் இடர் நேரினும் தாங்கவியலாத நிலை. ஏரியொன்றை எண்ணிக்கொள்க. கார்த்திகையில் நிறைந்து நிற்கும் ஏரியில் நான்கு மதகு திறந்தாலும் நீர் குன்றுவது தெரியாது. சித்திரையில் அடிமட்டத்தில் நிற்கும் நீரோ ஒரு மதகு திறந்த அளவிலே சேறாகிவிடும். இளைஞன் ஒருவனுக்கு மூன்று நாட் காய்ச்சல் வந்தால் நான்காம் நாள் எழுந்து நடப்பான். தளர்ந்த முதியவர்க்கு அதே காய்ச்சல் வரின் அவர் படுக்கையில் விழுவார், மயங்கிப் பேசுவார், காய்ச்சல் நீங்கிய பின்னும் பழைய நடை திரும்புவதில்லை. நோய் ஒன்றே, ஏரியின் மட்டமே வேறு.

இந்நிலையை நம் முன்னோர் கூர்ந்து நோக்கியுள்ளனர். புறநானூற்றில், தொடித்தலை விழுத்தண்டினார் என்னும் புலவர் தம் இளமையையும் முதுமையையும் ஒருங்கு வைத்துப் பாடியுள்ளார். ஆழ்ந்த நீர்நிலையில் மரத்தின்மேலிருந்து குதித்து விளையாடிய பிள்ளைமையும், தடியூன்றி நடுங்கி, இருமலினிடையே சில சொற்களே சொல்லும் முதுமையும் அப்பாட்டில் எதிரெதிரே நிற்கின்றன. தாம் ஊன்றிய தண்டின் பெயரே புலவர்க்குப் பெயராயிற்று. நடை, வலிமை, மூச்சு ஆகிய மூன்றும் குன்றுதலை அப்புலவர் காட்டியதற்கும் இன்றைய மருத்துவர் அளந்து காட்டுவதற்கும் பெருவேறுபாடில்லை.

அளக்கும் முறையை ஒழுங்குபடுத்தியவருள் தலையாயவர் அமெரிக்க நாட்டு மருத்துவர் லிண்டா ஃபிரீட் என்னும் அம்மையார். 2001-ஆம் ஆண்டு அவரும் அவர் குழுவினரும் 65 வயதும் அதற்கு மேலுமுடைய 5,317 பேரை ஆராய்ந்து, தளர்ச்சிக்கு ஐந்து அடையாளங்கள் வகுத்தனர். முயலாமலே ஓராண்டில் உடல் எடை 4.5 கிலோவோ அதற்கு மேலோ குறைதல் ஒன்று. எதைச் செய்யினும் பெருமுயற்சியாகத் தோன்றும் சோர்வு ஒன்று. கைப்பிடி வலிமை குன்றல் ஒன்று. நடை மெதுவாதல் ஒன்று. உடலியக்கம் குறைதல் ஒன்று. இவற்றுள் மூன்றோ அதனின் மிக்கனவோ உடையார் தளர்ந்தோர், ஒன்றோ இரண்டோ உடையார் தளர்ச்சியின் வாயிலில் நிற்போர், ஒன்றுமில்லாதார் திடமானோர்.

அவ்வாய்விற் கலந்தோருள் நூற்றுக்கு 7 பேர் தளர்ந்தோர். ஏழாண்டுகட்குப் பின் நோக்கியபோது, திடமானோருள் நூற்றுக்கு 12 பேரும், வாயிலில் நின்றோருள் 23 பேரும், தளர்ந்தோருள் 43 பேரும் இறந்திருந்தனர். ஆகவே, “தாத்தா சிறிது மெதுவாக நடக்கிறார்” என்பது புறக்கணிக்கத்தக்க செய்தியன்று. கனடா நாட்டு மருத்துவர் கென்னத் ராக்வுட் 2005-இல் வேறோர் அளவை வகுத்தார். நோயாளியின் அன்றாட வாழ்வை நோக்கித் திடமான நிலையிலிருந்து முற்றும் பிறரைச் சார்ந்த நிலைவரை முதலில் 7 படிகளும் பின்னர் 9 படிகளுமாக அதில் வகுக்கப்பெற்றன.

ஈண்டு ஒரு தெளிவு வேண்டும். நோயுடைமையும் தளர்ச்சியும் ஒன்றல்ல. நீரிழிவும் இரத்த அழுத்தமும் உடைய ஒருவர் திடமாகத் தம் வேலைகளைச் செய்துகொண்டிருத்தல் கூடும். பெயர் சொல்லத்தக்க நோய் ஒன்றுமின்றியே மற்றொருவர் தளர்ந்திருத்தலும் கூடும்.

காரணங்கள்

தளர்ச்சியின் நடுவில் நிற்பது தசைத் தேய்வு. இதற்கு 1989-இல் இர்வின் ரோசன்பர்க் என்னும் அறிஞர் சார்கோபீனியா என்று பெயரிட்டார். தசை இழப்பு என்பது அக்கிரேக்கச் சொல்லின் பொருள். தசை தேய்ந்தால் நடை குன்றும். நடை குன்றினால் வெளியே செல்லுதல் குறையும். அது குறைந்தாற் பசி குறையும். பசி குறைந்தால் உணவு குறையும். உணவு குறைந்தாற் தசை மேலும் தேயும். செக்கு மாடு போல இச்சுழல் சுற்றிச் சுற்றி வருகின்றது. ஆயினும் சுழலாதலின், யாதானும் ஓரிடத்தில் அதனை அறுத்தால் முழுதும் நிற்கத் தொடங்கும் என்பது இதிலுள்ள ஆறுதல்.

இச்சுழலை விரைவுபடுத்தும் பிற காரணங்களும் பல. இரத்தசோகை, தைராய்டுச் சுரப்பின் குறை, உயிர்ச்சத்துக் குறை, காசநோய், இதயத் தளர்ச்சி, புற்றுநோய் ஆகியன ஒருசார். பல் விழுந்தமையின் மெல்ல இயலாமை, கண்புரையாற் பார்வை மங்கல், செவி கேளாமை என்பன ஒருசார். துணைவரை இழந்த துயரும் தனிமையும் மனச்சோர்வும் ஒருசார். பல மருத்துவர் பல காலத்தில் எழுதிக்கொடுத்த மாத்திரைகளை எல்லாம் விடாது விழுங்குதல் மற்றொரு சார். இவற்றுட் பல தீர்க்கத்தக்கன. எடை குறைதலை முதுமையின்மேல் ஏற்றிவிட்டு வாளாவிருந்தால், தீர்க்கத்தக்க நோயும் தீராததாகிவிடும். திருவள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தில் நோயின் முதலை நாடுமாறு பணித்தது இவ்விடத்திற்கு மிகவும் பொருந்தும்.

வீட்டில் அறியும் முறை

தளர்ச்சியை முதலில் ஐயுறுதற்குப் பெருங்கருவி வேண்டுவதில்லை. ஒரு நாற்காலி, நான்கு மீட்டர் தரை, நொடி காட்டும் கடிகாரம், தையற்காரர் நாடா ஆகிய இவை போதும்.

முதலாவது நடை. தரையில் நான்கு மீட்டர் அளந்து கோடிட்டு, முதியவரை இயல்பாக நடக்கச் சொல்லுக. தடியுடன் நடப்பவராயின் தடியுடனேயே நடக்கட்டும். ஐந்து நொடிக்கு மேற் செல்லின் ஐயத்திற்கு இடமுண்டு.

இரண்டாவது எழுதல். கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு, நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து அமரச் செய்க. ஆசிய நாட்டு வல்லுநர் 2019-இல் வகுத்த முறைப்படி, இதற்குப் பன்னிரண்டு நொடியோ அதற்கு மேலோ ஆகுமாயின் கால்வலிமை குன்றியதென்று கொள்ளலாம். அருகில் ஒருவர் நின்று காத்தல் இன்றியமையாதது.

மூன்றாவது கெண்டைக்கால். அதன் பருத்த இடத்தில் நாடாவாற் சுற்றளந்தால் ஆடவர்க்கு 34 சென்டிமீட்டருக்கும் மகளிர்க்கு 33 சென்டிமீட்டருக்கும் குறைதல் தசைத் தேய்விற்கு அறிகுறி. நாடா இல்லையாயின், சப்பானியர் கையாளும் எளிய முறையொன்று உண்டு. முதியவர் தம் இரு கைகளின் பெருவிரலையும் சுட்டுவிரலையும் வளையமாக்கித் தம் கெண்டைக்காலைச் சுற்றிப் பிடிக்க வேண்டும். விரல்கள் கூடியும் இடைவெளி தோன்றின் தசை குறைந்துள்ளது.

நான்காவது எடை. ஆறு திங்களுக்கொருமுறை எடையை ஒரு குறிப்பேட்டில் எழுதிவருக. எடைப்பொறி இல்லாத வீட்டில் இரவிக்கை தொளதொளப்பதும், மோதிரம் கழல்வதும், வேட்டி முன்னினும் ஒரு சுற்று அதிகம் வருவதும் அதே செய்தியைக் கூறும்.

ஐந்தாவது வினாக்கள். இவ்வாண்டில் எத்துணை முறை விழுந்தீர்கள்? எழும்போது தலை சுற்றுகிறதா? முன் செய்த எவ்வேலையை இப்போது விட்டுவிட்டீர்கள்? நாள் முழுதும் சோர்வாயிருக்கிறதா? இவற்றை விசாரணை செய்வார் போலக் கேளாது, உடனமர்ந்து உரையாடுவார் போலக் கேட்டல் வேண்டும். விழுந்ததை மறைக்கும் முதியோர் பலர். “இனி வெளியே போகாதே” என்று வீட்டார் தடுப்பரோ என்னும் அச்சமே அதற்குக் காரணம்.

இச்சோதனைகள் ஐயத்தை எழுப்புவனவேயன்றித் தீர்ப்பளிப்பன அல்ல. ஐயம் எழுந்தால் மருத்துவரிடம் செல்லுதலே முறை.

அன்பினால் விளையும் தீங்கு

இனி, சிறிது கசப்பான செய்தியொன்றைக் கூறவேண்டியுள்ளது. தளர்ந்த பெரியோரை நாம் பேணும் முறையே பலகால் அவர்களை மேலும் தளர்த்துகின்றது. குடம் எடுக்கும் பாட்டியிடமிருந்து, “நீ உட்கார், நான் எடுக்கிறேன்” என்று பேத்தி வாங்கிக்கொள்கிறாள். கடைக்குச் செல்லும் தாத்தாவை, “வெயில், விழுந்துவிடுவாய்” என்று மகன் தடுக்கிறான். எளிதிற் செரிக்கும் என்று மூன்று வேளையும் கஞ்சியே தருகின்றனர். காய்ச்சல் விட்ட பின்னும் பத்து நாள் படுக்கையினின்று இறங்க விடுவதில்லை. இவையெல்லாம் அன்பின் செயல்கள். ஆயினும் எடுக்காத குடம் கையின் வலிமையையும், நடவாத தெரு காலின் வலிமையையும் கொண்டுபோய்விடுகின்றன.

இது வெறும் ஊகமன்று. 2007-இல் அமெரிக்காவில் வெளிவந்த ஓர் ஆய்வில், நோயற்ற முதியோர் சிலர் தாமே இசைந்து பத்து நாள் படுக்கையிலேயே கிடந்தனர். அப்பத்து நாளில் அவர்தம் கால்களின் தசைப்பகுதி ஏறக்குறைய 1 கிலோ குறைந்தது. நோயற்றவர் நிலையே இதுவாயின் நோயுற்றவர் நிலை என்னாகும்?

படுக்கையின் தீமையை உலகுக்கு உணர்த்தியவருள் ஒருவர் இங்கிலாந்து நாட்டு மருத்துவர் மார்ஜரி வாரன் என்னும் அம்மையார். 1935-இல் மேற்கு மிடில்செக்ஸ் மருத்துவமனையை அடுத்திருந்த ஏழையர் விடுதியின் நோயாளிகள் 714 பேர் அவர் பொறுப்பில் வந்தனர். தீராத நோயினர் என்று முத்திரையிடப்பட்டு ஆண்டுக்கணக்காய்ப் படுக்கையிற் கிடந்தவர் அவருட் பலர். அம்மையார் ஒவ்வொருவரையும் தனித்தனியே ஆராய்ந்து பகுத்தார், எழுப்பினார், நடக்கப் பழக்கினார், பலரை வீட்டிற்கு அனுப்பினார். முதியோர் மருத்துவம் என்னும் துறை பிரித்தானியாவில் வேரூன்றியது இச்செயலால்.

பேணும் முறை

தளர்ச்சியைப் பேணும் நெறியில் முதலிடம் உடற்பயிற்சிக்கே. மருந்துக்கடையில் இதற்கென விற்கும் மாத்திரை எதுவும் பயிற்சிக்கு ஈடாகாது. பாஸ்டன் நகரத்து முதியோர் இல்லமொன்றில் மரியா ஃபியாட்டரோன் என்னும் மருத்துவர் 1990-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். சராசரி 90 வயதினரான பத்துப் பேருக்கு எட்டு வாரம் கால்வலிமைப் பயிற்சி அளித்தபோது, முடித்தோர் கால்வலிமை சராசரி 174 விழுக்காடு கூடியது. 1994-இல் அவரே நூறு பேரைக்கொண்டு மீண்டும் ஆராய்ந்தார். பயிற்சி பெற்றோர் வலிமையும் நடையும் மாடிப்படி ஏறும் திறனும் பெற்றனர்; பயிற்சியின்றிச் சத்துணவுப் பானம் மட்டும் பருகினோர் அப்பயனைப் பெற்றிலர். தொண்ணூறு வயதுத் தசையும் பயிற்சிக்கு மறுமொழி கூறும் என்பது இவ்வாய்வுகளின் சாரம். 2014-இல் வெளிவந்த மற்றோர் ஆய்வில், 70 முதல் 89 வயதுவரையுள்ள 1,635 பேருள், நடைப்பயிற்சியும் வலிமைப் பயிற்சியும் மேற்கொண்டோர் அறிவுரை மட்டும் கேட்டோரைக் காட்டிலும் நடக்கும் திறனை நன்கு காத்துக்கொண்டனர்.

கனகம்மாசத்திரத்துப் பாட்டிக்குப் பயிற்சிக்கூடம் எங்கே என்று கேட்பாருக்கு விடை எளிது. நாற்காலியினின்று எழுந்து அமர்தல். சுவரையோ சன்னற் கம்பியையோ பிடித்துக் குதிகாலை உயர்த்தி இறக்குதல். அரைக் கிலோ அரிசிப் பையைக் கையிற் பிடித்து மடக்கி நீட்டுதல். சுவரோரமாக ஒற்றைக் காலில் சிறிது நிற்றல். இந்நான்கையும் வாரத்தில் மூன்று நாள் செய்க. நாள்தோறும் வெயில் தாழ நடந்து வருக. எளிதாயின பின் எண்ணிக்கையையோ எடையையோ சிறிது கூட்டுக. கூட்டாத பயிற்சி வலிமையைக் கூட்டாது. நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் உடையோர் மருத்துவரைக் கேட்டே தொடங்குக.

அடுத்தது உணவு. முதியோர்க்கு உடல் எடையில் கிலோவொன்றுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை புரதம் நாள்தோறும் வேண்டுமென்று வல்லுநர் கூறுவர். 50 கிலோ எடையுடையார்க்கு 50 முதல் 60 கிராம் ஆகும். நாளொன்றுக்கு 300 கிராம் அரிசிச் சோறுண்பார்க்கு அதிலிருந்து ஏறக்குறைய 20 கிராமே கிட்டும். கஞ்சியும் ஊறுகாயுமாக உண்பார்க்கு அதுவும் கிட்டாது. எஞ்சியதை ஈடுசெய்வது எங்ஙனம்? முட்டையொன்றில் ஏறக்குறைய 6 கிராம். இருநூறு மில்லிலிட்டர் பாலில் 6 கிராமுக்குச் சற்று மேல். முப்பது கிராம் பருப்பில் 7 கிராம். அதே அளவு வேர்க்கடலையிலும் 7 கிராம். வேர்க்கடலை இவ்வட்டாரத்து நிலத்திலேயே விளைவது. பல்லில்லாதார்க்கு அதனை வறுத்துப் பொடித்துத் தரலாம். பருப்பைக் கடைந்து தரலாம். முட்டையைக் கஞ்சியிலேயே கலந்து தரலாம். சர்க்கரை நோய்க்கு அஞ்சிப் பலவற்றையும் விலக்கிப் பத்தியம் காத்து, தசையை இழப்போர் பலர். பத்தியத்தின் அளவை மருத்துவரிடம் கேட்டுத் தெளிக. சிறுநீரக நோயுடையார் புரதத்தைத் தாமே கூட்டலாகாது.

மூன்றாவது மருந்துகள். வீட்டிலுள்ள மாத்திரைகள் அனைத்தையும், பச்சிலை மருந்துகளையும் கூட, ஒரு பையிலிட்டு மருத்துவரிடம் கொண்டுசெல்க. எது இன்னும் வேண்டும், எது இனி வேண்டா என்று கேட்க. உறக்க மாத்திரையால் தள்ளாடுதலும், அழுத்த மாத்திரை மிகுந்து எழும்போது மயங்குதலும், சர்க்கரை அளவிற்கு மீறிக் குறைந்து விழுதலும் முதியோர்க்கு நேர்வன. ஆயினும் தாமாக எம்மருந்தையும் நிறுத்தற்க.

நான்காவது கண், செவி, பல், வீடு என்பன. கண்புரை நீக்கினால் விழுதல் குறையும். செவிக்கருவி பொருத்தினால் உரையாடல் திரும்பும். குளியலறைச் சுவரில் ஒரு கைப்பிடிக் கம்பி, இரவில் ஒரு சிறுவிளக்கு, வழுக்காத செருப்பு, வாயிற்படியில் ஒரு தடுப்பு: இவற்றிற்காகும் செலவு, முறிந்த இடுப்பெலும்பிற்காகும் செலவில் மிகச் சிறு பங்கே.

ஐந்தாவது உறவு. தனித்து உண்பவர் குறைய உண்பர்; பேசுவாரில்லாதார் எழுந்து நடத்தற்கும் காரணம் காணார். நாளொன்றுக்கு ஒருமுறை தொலைபேசியில் அழைக்கும் மகன், “சாப்பிட்டாயா?” என்று கேட்பதோடு, “இன்று எங்கே நடந்தாய்?” என்றும் கேட்பானாயின் அது மருந்தாகும். முதியவர்க்கு ஒரு பொறுப்பை விட்டுவைத்தலும் வேண்டும். ஆட்டிற்குத் தழை போடுதல், பேரனைப் பள்ளிப் பேருந்தில் ஏற்றுதல், பூத்தொடுத்தல் என்பன போன்ற எதுவாயினும் ஆகுக. வேண்டப்படுகின்றோம் என்னும் உணர்வு காலுக்கு வலிமை தருகின்றது.

எல்லை

இம்முறைகளால் எல்லாரும் திடம் பெறுவர் என்று கூறின் அது பொய்யாகும். தளர்ச்சியின் வாயிலில் நிற்போர் மீளுதல் பெரிதும் கூடும். சிறிது தளர்ந்தோர் ஓரளவு மீள்வர். முற்றத் தளர்ந்து படுக்கையே உலகமாயினோர் மீளுதல் அரிது. அந்நிலையினர்க்கு வலி தணித்தலும், படுக்கைப்புண் வாராது காத்தலும், தூய்மையும், கைபிடித்து அருகிருத்தலுமே சிறந்த மருத்துவம். அவரைப் பெருநகர் மருத்துவமனைக்குக் கொண்டுசென்று அறுவைக்கும் குழாய்க்கும் உட்படுத்துமுன், அதனாற் பெறும் பயன் யாது, அவர் விரும்புவது யாது என்று ஆராய்தல் வேண்டும். தளர்ச்சியின் படியை முன்னரே அறிந்திருத்தலின் பயன்களுள் இதுவும் ஒன்று. வேண்டாத துன்பத்தினின்று அது காக்கும்.

அரசும் மருத்துவமனைகளும்

இத்துறையில் நம் நாடு பின்தங்கியதாயினும் நம் மாநிலம் முன்னடி வைத்தது. 1978-இல் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் மருத்துவர் வி. எஸ். நடராசன் முதியோர் மருத்துவப் பிரிவைத் தொடங்கினார். இந்தியாவில் அத்தகைய முயற்சிகளுள் அது முதலாவது. 1996-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் முதியோர் மருத்துவத்திற்கு மேற்பட்டப் படிப்பு தோன்றியது. 2024-ஆம் ஆண்டு பிப்ரவரியில் கிண்டியில் 200 படுக்கைகளுடன் தேசிய முதியோர் நல மையம் திறக்கப்பெற்றது. திருவள்ளூரில் அரசு மருத்துவக் கல்லூரி 2022 சனவரியில் தொடங்கப்பெற்றது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் என்னும் திட்டத்தில் அழுத்த, சர்க்கரை மருந்துகளோடு இயன்முறைப் பயிற்சியும் வீட்டு வாயிலிற் கிடைக்க வழி செய்யப்பெற்றது. முதியோர்க்கான உதவித் தொலைபேசி எண் 14567.

முதியவரை முழுமையாக ஆராய்தலின் பயனும் நிறுவப்பட்டதே. மருத்துவர், செவிலியர், இயன்முறைப் பயிற்சியாளர் முதலியோர் ஒருங்கு கூடி நோயையும் உணவையும் மனத்தையும் வீட்டையும் ஒருசேர நோக்கும் முறை இது. 29 ஆய்வுகளில் 13,766 முதியோரைப் பற்றிய செய்திகளைத் தொகுத்து 2017-இல் வெளிவந்த மதிப்பீடு, மருத்துவமனையில் இங்ஙனம் ஆராயப்பட்டோர் பின்னர்த் தம் வீட்டிலேயே உயிர்வாழும் வாய்ப்பு மிக்கதெனக் காட்டிற்று. வள்ளுவர் மருத்துவத்தின் உறுப்புகளாக நோயாளி, மருத்துவன், மருந்து, உடனிருப்போன் என நான்கு கூறினார். நான்காமவனை அவர் விட்டிலர் என்பதை நோக்குக. தளர்ச்சியிலோ அந்நான்காமவனே முதல்வனாகின்றான்.

முடிவுரை

2011-ஆம் ஆண்டுக் கணக்கின்படி இந்தியாவில் 60 வயதிற்கு மேற்பட்டோர் பத்துக் கோடிக்கு மேல்; தமிழ்நாட்டில் நூற்றுக்குப் பத்துப் பேர். அதன் பின்னர் அத்தொகை பெருகியதேயன்றிக் குறைந்ததன்று. இவர்கள் அனைவர்க்கும் முதியோர் மருத்துவர் கிட்டுதல் அண்மையில் நிகழக்கூடியதன்று. ஆயினும் ஒவ்வொரு வீட்டிலும் கற்ற இளைஞர் ஒருவர் இருத்தல் கூடும்.

ஆதலின் மாணவர்காள், வரும் விடுமுறையில் ஊர் செல்லும்போது ஒரு நாடாவும் ஒரு குறிப்பேடும் எடுத்துச் செல்க. பாட்டியின் நடையை அளக்க, எடையை எழுதுக, மாத்திரைப் பையைத் திறந்து பார்க்க, தட்டில் பருப்பு உளதோ என நோக்குக. அடுத்த விடுமுறையில் மீண்டும் அளந்து ஒப்பிடுக. குடத்தை அவர் கையிலிருந்து பறியாது, பாதி நீருடன் அவரையே எடுக்கவிட்டு அருகே நடந்து வருக. மலைக்குச் செல்லின் 365 படியும் ஏறவேண்டுவதில்லை. இருபது படி உடன் ஏறி, அமர்ந்து, பின் வண்டியிற் செல்க. அடுத்த ஆண்டு அவர் இருபத்தைந்து ஏறுவாராயின், நாம் கற்ற கல்வி வீட்டிற்கும் பயன்பட்டதென்று மகிழலாம்.